நிலைப்பேழை என்று எழுதினேன்

களுவாஞ்சிக்குடிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. சாமித்தம்பி அண்ணனின் மகள் சுபா பேசினாள். "டீச்சர், அப்பா போயிட்டார்" என்றாள். "எங்க போனவர்?" என்று கேட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தவள் நான். அவள் அழத் தொடங்கியபோதுதான் எனக்கு விளங்கியது. பொறுக்கிய காய்களைத் திரும்பக் கொட்டிவிட்டு நடந்தேன். அவர்கள் வீட்டுக்கு எந்த வழியால் போனேன் என்பது இப்போதும் நினைவில்லை.

என்னைச் சொல்லியும் குற்றமில்லை. சாமித்தம்பி அண்ணன் எப்போதும் எங்கேயாவது போயிருப்பவர்தான். சைக்கிள் காரியரில் மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் பெரியகல்லாறு, ஒரு நாள் துறையில் பாதை என்கிற மிதவைப் படகேறி வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை. கட்டில் செய்ய, நிலை வைக்க ஊரில் வேறு தச்சர்கள் இருந்தார்கள். அலுமாரிக் கதவு மூடாமல் வாயைத் திறந்துகொண்டு நின்றால் மட்டும் அண்ணனைத்தான் தேடுவோம். இந்த நினைவு மலரை வாசிக்கும் உங்களில் பாதிப்பேருடைய வீட்டு அலுமாரிக்குள் அவர் கை ஒரு முறையாவது நுழைந்திருக்கும். உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் அலுமாரிகளில் ஏன் பூட்டே இல்லை என்று இப்போது வந்த மருமக்கள் கேட்கிறார்கள். இராணுவச் சுற்றிவளைப்பு நடந்த காலத்தில் பூட்டு வைத்திருந்தவர்கள்தான் கூடுதலாக இழந்தார்கள். சாவியைத் தேடி எடுப்பதற்கு முன்னமே துவக்குப் பிடியால் ஒரு இடி விழும். பூட்டோடு கதவும் போகும். பூட்டி வைக்கிற அளவுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வி வேறு. சாமித்தம்பி அண்ணன்தான் வீடு வீடாகச் சொன்னார்: "பூட்டக் கழட்டிப் போடுங்க. காந்தம் வச்சித் தாறன். இழுத்தாத் துறக்கும், விட்டா மூடும். வாறவங்க பாத்திட்டுப் போகட்டும்." இரண்டு மூன்று வருடத்துக்குள் ஊர் முழுவதும் பூட்டிலிருந்து காந்தத்துக்கு மாறிவிட்டது.

வேலை தொடங்க முன்பு அவர் வீட்டுப் பெண்களிடம் ஒரு காரியம் கேட்பார். "உள்ளுக்கு ஒரு சீலையத் தொங்க விடுங்க." தட்டுகளை மறைத்துச் சேலை தொங்கிய பிறகுதான் கதவைத் தொடுவார். ஒரு முறை எங்கள் அம்மா, "நம்மட வீட்டில ஒளிக்க என்ன தம்பி இரிக்கி?" என்று சிரித்தா. "இரிக்கோ இல்லயோ மாமி, நான் காணப்படாது. காணாட்டி ஆரு கேட்டாலும் சொல்லத் தேவல்ல" என்றார். அந்தக் காலத்து அலுமாரிகளுக்குள் என்னென்ன படங்கள், யார் யாருடைய உடுப்புகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் இருக்கப் பாடுபட்ட மனிதர் அவர்.

வேலையில் என்னோடு அவருக்கு ஒரு சண்டை இருந்தது. காந்தம் அலுமாரிக்குள் ஒரு மூலையில் இருக்கும். அதோடு ஒட்டும் தகடு கதவில் இருக்கும். அந்தத் தகட்டை அவர் திருகாணியில் கொஞ்சம் தளர்வாகவே விட்டிருந்தார். தொட்டால் ஆடியது. அரைகுறை வேலை என்று நினைத்து, அவர் போன பிறகு நானே திருப்புளியை எடுத்து இறுக்கிவிட்டேன். மறுநாளிலிருந்து கதவு மூடவில்லை. கூப்பிட்டு அனுப்பினேன். வந்து பார்த்தார்.

"ஆரு இறுக்கின?"

"நான்தான். ஆடிக்கொண்டு கிடந்திச்சி."

"ஆடத்தான் விட்டன் டீச்சர். கொஞ்சம் ஆடினாத்தான் தகடு காந்தத்தத் தேடிப் போய் ஒட்டும். இறுக்கினீங்களெண்டா, காந்தம் கிட்ட இரிந்தும் ஒட்டாது. நீங்க இலக்கணக்காரி. எல்லாத்தையும் இறுக்கித்தான் பழக்கம்."

எனக்குச் சுருக்கென்றது. அப்போது நான் பயிற்சிக் கல்லூரி முடித்து வந்த புதிது. பிறமொழிச் சொல் ஒன்று காதில் விழுந்தால் பல்லில் கல் அகப்பட்டது போல இருக்கும். அவர் சொன்னதை அன்றைக்கே கேட்டிருந்தால் இதை எழுத வேண்டிய தேவை வந்திராது.

அண்ணனை ஒரு முறை பிடித்துக்கொண்டு போனார்கள் என்பது ஊருக்குத் தெரியும். சட்டைப் பையில் கிடந்த ஒரு துண்டுக் கடதாசியால் பிடித்தார்கள் என்பதும் தெரியும். அந்தத் துண்டை எழுதியது யார் என்பது அவருக்கும், அவர் மனைவி பூமணி அக்காவுக்கும், எங்கள் அம்மாவுக்கும், எனக்கும் மட்டும் தெரிந்திருந்தது. மற்ற மூவரும் இப்போது இல்லை. எழுதியது நான்தான்.

அந்த நாட்களில் கடைகளில் காந்தம் வருவது நின்றுபோயிருந்தது. படுவான்கரைக்குப் பற்றரி கொண்டுபோகத் தடை. அதனால் அங்கே வீட்டுக்கு வீடு ரேடியோக்கள் பேசாமல் கிடந்தன. அவற்றின் ஸ்பீக்கருக்குள் இருக்கும் காந்தத்தைக் கழற்றி, துண்டாக்கி, இரண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவே வைத்து அண்ணன் தன் தேவைக்குச் செய்துகொள்வார். எங்கள் அலுமாரிக் காந்தம் விரிசல் விட்டு உடைந்துபோனபோது அவர் கையில் ஒன்றும் மிச்சமில்லை. படுவான்கரையில் இருந்த தன் மச்சானுக்கு ஒரு துண்டு எழுதி, பாதை ஓட்டுகிறவரிடம் கொடுத்துவிட்டால் நாலு நாளில் வந்துவிடும் என்றார்.

"என்ட எழுத்து கோழி கிளறின மாதிரி டீச்சர். நீங்க எழுதித் தாங்க. நான் சொல்லுறன். ரேடியோக் காந்தம் பெரிசு ஒண்டு, சின்னன் ரெண்டு வேணும். அலுமாரிக் கதவுக்கு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றால் நான் விடுகிறவளா. ரேடியோ என்பது ஆங்கிலம். வானொலிக் காந்தம் என்று எழுதிப் பார்த்தேன், அழகாக இல்லை. அந்தச் சொல்லையே எடுத்துவிட்டேன். அலுமாரி போர்த்துக்கேயர் விட்டுப்போனது. அதற்கு நிலைப்பேழை என்று போட்டேன். எழுதி முடித்து அவருக்கு உரக்க வாசித்தும் காட்டினேன். "அன்புள்ள மைத்துனருக்கு, பெரிய காந்தத்தின் வரவுக்காக இங்கே காத்திருக்கிறோம். சின்னக் காந்தங்கள் இரண்டும் உடன் வரட்டும். அவை வந்து சேர்ந்ததும் நிலைப்பேழைகளின் கதவுகள் தாமே மூடிக்கொள்ளும்."

"இதென்ன டீச்சர், கலியாண வாழ்த்து மாதிரி இரிக்கி. அவனுக்கு விளங்குமா?"

"விளங்கும். தமிழ்தானே" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

துறைக்குப் போகும் வழியில் இருந்த காவலரணில் பையைத் தட்டிப் பார்த்தார்கள். மொழிபெயர்க்க அங்கே ஒருவன் இருந்தான், தமிழன்தான். அவன் அந்தத் துண்டுக்குச் சொன்ன பொருள் இது: காந்தம் என்றால் காந்தன். பெரிய காந்தன், சின்னக் காந்தன் என்பவை இயக்கப் பெயர்கள். மூன்று பேர் வாவி கடந்து வரப்போகிறார்கள். வந்ததும் பேழைகள் மூடும். மரண அறிவித்தல்களில் பேழை என்றால் பிரேதப் பெட்டி என்று எல்லோருக்கும் தெரியும். அவனைத் திட்டி என்ன பயன். அந்த மூன்று வரியையும் இப்போது நானே வாசித்தாலும் எனக்கும் அப்படித்தான் கேட்கிறது.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. முகாமுக்குப் போய், அது என்னுடைய எழுத்து, அலுமாரிக் காந்தத்தைத்தான் எழுதினேன் என்று சொல்ல வேண்டும் என்று காலையில் சேலை உடுப்பேன். அம்மா வாசலில் வந்து நிற்பா. அந்த முகாமுக்குள் தனியாகப் போன இளம் பெண்கள் எப்படித் திரும்பினார்கள் என்பது எனக்கும் தெரியும், அவவுக்கும் தெரியும். சேலையோடு பாடசாலைக்குப் போய்விடுவேன்.

பாடசாலையில் இன்னொரு பயம். என் எழுத்து ஒளிக்க முடியாத எழுத்து. புள்ளியைச் சின்னச் சுழியாகத்தான் வைப்பேன். 'த' எழுதினால் அதன் வாலை முந்திய எழுத்தின் அடிவரைக்கும் இழுத்துக்கொண்டு போவேன். எல்லோரும் அழகு என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த எழுத்து அது. கரும்பலகையில் அதை எழுத இப்போது கை கூசியது. மாற்றி எழுதிப் பார்த்தேன். வரி கோணிப் போயிற்று. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

பூமணி அக்கா ஒவ்வொரு நாளும் சோற்றுப் பார்சலோடு முகாம் வாசலுக்குப் போய் வந்தா. சில நாள் வாங்குவார்கள், சில நாள் திருப்பி அனுப்புவார்கள். ஒரு நாள் திரும்பி வரும் வழியில் எங்கள் வீட்டுக்குள் வந்தா. கையில் பார்சல் அப்படியே இருந்தது. அவவுக்கு வாசிக்கத் தெரியாது. கதிரையில் இருக்காமல் நிலத்தில் இருந்துகொண்டு கேட்டா:

"அந்தத் துண்டில என்னதான் எழுதின நீங்க?"

எனக்கு அந்த வரிகள் மனப்பாடம். சொன்னேன். சொல்லச் சொல்லக் கூசியது. அவ முழுவதையும் கேட்டா.

"காந்தந்தானே கேட்டிரிக்கீங்க. மறுகா ஏன் விடுறாங்கல்ல?"

"நான் போய்ச் சொல்லவா அக்கா?" என்றேன்.

அவ எழும்பிச் சேலையைத் தட்டினா. "போகாத புள்ள. உன்னக் காட்டிக் குடுக்கக் கூடாதெண்டுதான் அவர் அங்க கிடக்கார். நீ போனா அதுவும் வீணாப் போகும்."

போகாதே என்று அவ சொன்னதும் எனக்கு வந்தது நிம்மதி. வெட்கம் பிறகுதான் வந்தது. இதை இவ்வளவு காலமும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு மாதம் தாண்டி, அடுத்த மாதமும் பாதி போன பிறகு விட்டார்கள். நன்றாக மெலிந்திருந்தார். இடது காது சரியாகக் கேட்கவில்லை. வந்த மூன்றாம் நாள் காலை எங்கள் வாசல் படலையில் சைக்கிள் மணி கேட்டது. மரப்பெட்டியோடு நின்றார். மச்சான் எப்படியோ காந்தம் அனுப்பியிருந்தாராம். அலுமாரிக் கதவு திறந்தபடி கிடக்கிறதே என்று வந்தாராம். அம்மா சேலையைத் தொங்கவிட்டா. நான் பின்னால் நின்றேன். முகத்தைப் பார்க்கத் துணிவில்லை, முதுகைப் பார்த்துத்தான் கேட்டேன்.

"ஆரு எழுதினதெண்டு கேக்கல்லயா அண்ணன்?"

"கேட்டாங்க. நான்தான் எழுதினனெண்டு சொன்னன்."

"உங்கட எழுத்து அப்பிடி இல்லயே."

"அதானே கரைச்சல்." திரும்பாமலே சொன்னார். "எழுதிக் காட்டெண்டாங்க. கோழி கிளறினதப் பாத்திட்டு அடிச்சாங்க. கையெல்லாம் வீங்கிற்று, அதான் எழுத்து மாறி வருது, வீக்கம் வத்தினாப்போல சரியா வருமெண்டு சொன்னன். ஒவ்வொரு நாளும் கூப்பிட்டு எழுதச் சொல்லுவாங்க. உங்கட துண்டு மேசையில கிடக்கும். நல்லாப் பாத்துக்குவன். மறுகா உள்ளுக்குப் போய் நிலத்தில விரலால எழுதி எழுதிப் பழகுவன்."

காதிலிருந்த பென்சிலை எடுத்தார். பக்கத்தில் கிடந்த பழைய பத்திரிகையின் ஓரத்தில் எழுதினார். "பெரிய காந்தத்தின் வரவுக்காக இங்கே காத்திருக்கிறோம்." புள்ளிகள் சுழியாக இருந்தன. 'த'வின் வால் முந்திய எழுத்தின் அடிவரை போய் நின்றது. நான் எழுதியதை யாரோ எடுத்து வைத்திருந்து காட்டுவது போல இருந்தது.

"நாலாம் கிழமை ரெண்டையும் பக்கத்தில வச்சிப் பாத்தாங்க. வித்தியாசம் தெரியல்ல. அதோட ஆரு எழுதினதெண்ட கதை முடிஞ்சிது" என்றார். மூடவே மூடாத ஒரு கதவை மூட வைத்துவிட்ட ஆளின் முகம் அது. நான் அழுதேன். அவர் பயந்துபோனார். "அழாதீங்க டீச்சர். 'நி' மட்டும் உங்களப் போல இன்னும் வருதில்ல" என்றார்.

எழுதியவர் அகப்பட்டாலும் காந்தன் அகப்படவில்லையே. அதைக் கேட்டுத்தான் பிறகும் வைத்திருந்தார்கள். அண்ணன் காந்தம், காந்தம் என்று சொல்லச் சொல்ல, நடுவில் நின்றவன் காந்தன், காந்தன் என்று சொல்லிக்கொண்டிருந்தானாம். ஒரு நாள் அவன் லீவில் போய்விட்டான். புதிதாக வந்த ஒரு பெரிய அதிகாரியின் முன்னால் அண்ணனைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அண்ணனுக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. அந்த அறையில் ஒரு மர அலுமாரி. கதவு நிற்காமல் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

"நான் அதக் கையக் காட்டி, அலுமாரி, காந்தம் எண்டன். அந்த மனுசன் என்னப் பாத்தார், அலுமாரியப் பாத்தார், துண்டப் பாத்தார். மறுகா 'அல்மாரிய? காந்தம?' எண்டார். அவங்கட பாசையிலயும் அதுதானாம் டீச்சர். ரெண்டு சொல்லும். அவர் சிரிச்சார். நான் சிரிக்கல்ல, எனக்குப் பல்லு நோ."

அந்தக் கதவைத் திருத்திக் கொடுத்தார். இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இதைச் சொல்லி முடித்துத் தகட்டைப் பொருத்தும்போது, மெல்லச் சொன்னார்: "நான் சொன்ன மாதிரி அலுமாரியெண்டு எழுதியிரிந்தா அண்டைக்கே விட்டிரிப்பாங்க." அந்த விசயத்தில் அவர் என்மேல் சொன்ன குறை அது ஒன்றுதான். அதையும் திரும்ப ஒரு நாள் சொன்னதில்லை.

மன்னிப்புக் கேட்க நான் பல முறை வாயெடுத்திருக்கிறேன். அன்றைக்கும் கேட்டேன், சுபா பிறந்தபோதும் கேட்டேன், பூமணி அக்காவின் செத்தவீட்டிலும் கேட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில். "அது நான் எழுதின துண்டு டீச்சர். நீங்க ஏன் மன்னிப்புக் கேக்கணும்?" விளையாட்டாகச் சொல்கிறாரா, உண்மையாகவே அப்படி நம்பத் தொடங்கிவிட்டாரா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

அவருடைய பழைய எழுத்து திரும்பி வரவில்லை. மறுபடி கூப்பிட்டு எழுதச் சொன்னால் மாறக்கூடாதே என்று முதலில் பயத்தில் வைத்திருந்தார். பிறகு அதுவே கைக்குப் பழகிவிட்டது. சுபா எங்கள் பாடசாலையில் படித்த காலத்தில் காய்ச்சல் என்று கடிதம் கொண்டுவருவாள். பிரித்தால், நானே எனக்கு லீவுக் கடிதம் எழுதிக்கொண்டது போல இருக்கும்.

பிறகு சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போனது. அவர்கள் வீட்டில் கடதாசி என்று ஒன்றும் மிஞ்சவில்லை. பிறகு அவருக்குக் கண் மங்கியது, எழுதுவதும் நின்றது, வேலையும் நின்றது. எங்கள் அலுமாரிக் கதவு கடைசி ஐந்தாறு வருடமாகச் சரியாக ஒட்டுவதில்லை. வேறு யாரையும் நான் கூப்பிடவில்லை. அது திருந்திவிட்டால் அவரிடம் போக எனக்கு என்ன சாட்டு? போவேன். "அண்ணன், கதவு மூடுதில்ல" என்பேன். "நீங்க இறுக்கியிரிப்பீங்க" என்பார். இரண்டு பேரும் பிளேன்டீ குடிப்போம். அவ்வளவுதான் எங்கள் கதை. போன கிழமை கதவு தானாகத் திறந்தபோது, வழக்கம்போலச் செருப்பைத் தேடினேன். ஒரு காலில் போட்டுவிட்டேன். போக இடமில்லை என்பது மற்றக் காலுக்கு முன்தான் நினைவுக்கு வந்தது. அப்படியே வாசலில் இருந்துவிட்டேன்.

முப்பத்தோராம் நாள் மலருக்காகச் சுபா வந்திருந்தாள். "அப்பாட எழுத்தில ஏதும் இரிக்கா டீச்சர்? முதல் பக்கத்தில போடலாமெண்டு ஆச. எங்களிட்ட ஒண்டுமில்ல." இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். ஒரு பழுப்புக் கடதாசியை எடுத்து, சாமித்தம்பி என்று எழுதினேன். கொண்டுவந்து கொடுத்தேன். அவள் வாங்கி, சுழிப் புள்ளிகளின்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"அப்பாட எழுத்துத்தான். எப்ப எழுதினவர் டீச்சர்?"

"கொஞ்சம் முந்தி" என்றேன்.

சுபா, அச்சுக்குக் கொடுக்க முன்பு நீதான் இதை வாசிப்பாய். கோபம் வந்தால் என் பக்கங்களை எடுத்துவிடு, நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். உன் அப்பா அங்கே கிடந்தது என்னால். அது என்னுடைய எழுத்து என்று போய்ச் சொல்ல எனக்கு அத்தனை நாட்கள் இருந்தன, நான் சொல்லவில்லை. இப்போது சொல்லலாம் என்று பேனாவை எடுத்தால், ஒவ்வொரு சொல்லும் அவர் எழுதியது போலவே வந்து நிற்கிறது. வீங்கிய விரலால், நிலத்தில், நாள் முழுவதும் எழுதி அவர் அதைத் தன்னுடையது ஆக்கிக்கொண்டார். என்னுடையது என்று சொல்ல இனி எனக்கு வாய் வராது. அண்ணனிடமிருந்து நான் வைத்திருப்பது இந்த எழுத்துத்தான். நாங்கள் இரண்டு பேர் எழுதியது. இனி அதை எழுத நான் ஒருத்திதான் மிச்சம்.